கடைசியில் வருகிறவன்

பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்டால் நியாயம்தான். நான் அந்தப் பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன் லீவில் வந்து ஒரு மாதம் என் வீட்டில் தங்கியிருந்தான். விடியற்காலையில் எழுந்து டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துகொள்வான். காப்பிக்காகச் சீக்கிரம் எழுந்திருக்கிற நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஊருக்குப் போய்விட்டான், பழக்கம் போகவில்லை.

ஒரு நாள் ஆட்டம் முடிகிற சமயம். புதிதாக ஒரு பந்தெறிகாரர் மைதானத்துக்குள் ஓடி வந்தார். பாட்டு முழங்கிற்று, ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அவர் பதினைந்து பந்துகூட எறிந்திருக்க மாட்டார். ஆட்டம் முடிந்தது. எல்லாரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

"கைதட்டல் பூரா இந்த ஆளுக்குத்தான் மாமா. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இவன் செய்தது ரொம்பக் கொஞ்சம்" என்றான் அவன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முடிவைச் சரியாக முடிக்கிறது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு என்னடா தெரியும்? ஒரு நாவல் எழுதிப் பார், தெரியும்" என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது பாதி அவன் கட்சிக்குப் போய்விட்டேன். மீதிப் பாதி ஏன் போகவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஓரிரு வார்த்தை. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு கட்சியும் ஒரு தடவை மட்டை பிடிக்கும். மூன்று பேர் அவுட்டானால் அந்தத் தடவை முடிந்தது. ஆக, எதிரியை இருபத்தேழு தடவை அவுட்டாக்கினால்தான் ஆட்டம் நம் கைக்கு வரும். மட்டைக்காரன் மூன்று பேஸ்களையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். கிரிக்கெட்டைப் போல நூற்றுக்கணக்கில் ரன் குவிகிற ஆட்டம் அல்ல. ஐந்துக்கு நாலு, மூன்றுக்கு இரண்டு என்று முடிகிற ஆட்டம். பந்து எறிகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். ஆரம்பித்த பிட்சர் களைத்துப்போனால் மாற்று ஆள் வருவார். ஒரு தரம் வெளியே போனவர் அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. தன் கட்சி கொஞ்சம் முந்தியிருக்கும்போது, ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் வந்து, கடைசி மூன்று பேரை அவுட்டாக்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவருக்குக் குளோசர் என்று பெயர். நம் விவகாரம் அவரைப் பற்றியது.

இந்தக் குளோசர் என்கிற பிறவி ஆட்டத்தோடு கூடப் பிறந்ததல்ல. ஒரு பத்திரிகைக்காரரின் பேனாவிலிருந்து பிறந்தது என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. 1959-ம் வருஷம் பிட்ஸ்பர்க் கட்சியில் ராய் ஃபேஸ் என்று ஒரு மாற்று பிட்சர் இருந்தார். அந்த வருஷம் அவர் பெயரில் பதினெட்டு வெற்றி, ஒரே ஒரு தோல்வி. ஊரெல்லாம் அதே பேச்சு. சிகாகோவில் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற நிருபருக்கு மட்டும் இது உறுத்தியது. ஏனென்றால், அந்த வெற்றிகளில் சில எப்படி வந்தவை? ஃபேஸ் வருகிறபோது கட்சி முந்தியிருக்கும். அவர் ரன் கொடுத்து அந்த லாபத்தைத் தொலைப்பார். பிறகு அவருடைய சகாக்கள் மட்டை பிடித்து மறுபடி ரன் எடுப்பார்கள். வெற்றி ஃபேஸின் கணக்கில் ஏறும். வீட்டைக் கொளுத்தியவனுக்கே தண்ணீர் ஊற்றிய புண்ணியமும் சேர்ந்த மாதிரி. இது அநியாயம் என்று ஹோல்ட்ஸ்மன் ஒரு புதுக் கணக்கை உண்டாக்கினார். கையில் கொடுத்த லாபத்தைக் கெடுக்காமல் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தால் ஒரு 'சேவ்'. 1969-ல் அது அதிகாரபூர்வமான கணக்காயிற்று. 1975-ல் நிலைத்த விதிப்படி, மூன்று ரன்னுக்கு மேற்படாமல் கட்சி முந்தியிருக்கும்போது வந்து, ஒரு முழு இன்னிங்ஸ் எறிந்து, ஆட்டத்தை ஜெயித்து முடித்தால் ஒரு சேவ். இதற்கு வேறு கிளை விதிகளும் உண்டு. அவை வக்கீல்களுக்குரியவை.

ஹோல்ட்ஸ்மனின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஒரு பொய்க் கணக்கைத் திருத்த வந்தவர் அவர். ஆனால் எண்களுக்கு ஒரு குணம் உண்டு. நடந்ததை எழுதி வைக்கத்தான் முதலில் வருகின்றன. பிறகு நடக்க வேண்டியதையே அவை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகின்றன. மூன்று ரன் லாபம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு சேவ் என்று விதி சொல்லிற்று. மானேஜர்களும் தங்களிடமுள்ள மிகச் சிறந்த ஆளைச் சரியாக அந்தச் சந்தர்ப்பத்துக்கென்றே கட்டிவைக்க ஆரம்பித்தார்கள்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது? 1920-களில் வாஷிங்டன் கட்சியில் ஃபிர்போ மார்பெரி இருந்தார். எப்பொழுது ஆபத்தோ அப்பொழுது வருவார். 1974-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கட்சிக்காக மைக் மார்ஷல் ஒரே வருஷத்தில் 106 ஆட்டங்களில் வந்து 208 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். ஒவ்வொரு தடவையும் மாற்று ஆளாகவே! இந்த ஆட்களுக்கு அந்தக் காலத்தில் ஃபயர்மேன் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். தீ எந்த அறையில் பிடித்ததோ அந்த அறைக்குப் போகிறவன்.

1978-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டனும் ஒரே ஆட்டத்தில் அந்த வருஷத்துத் தலைவிதியைத் தீர்த்துக்கொண்டார்கள். யாங்கீஸின் கூஸ் காசேஜ் ஏழாவது இன்னிங்ஸிலேயே வந்துவிட்டார். இன்னும் எட்டுப் பேரை அவுட்டாக்க வேண்டும். அவர் செம்மையாக எறிந்தார் என்று சொல்ல முடியாது. எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்தார். ஐந்துக்கு நாலு என்று ஆகிவிட்டது. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில், எதிரே பாஸ்டனின் கிழச் சிங்கம் கார்ல் யஸ்திரம்ஸ்கி. பந்து உயரே எழும்பி மூன்றாவது பேஸ்காரரின் கையில் விழுந்தது. அந்த வருஷம் காசேஜ் எறிந்தது 134 இன்னிங்ஸ். இன்றைய குளோசர் அதில் பாதி எறிந்தால் அதிகம்.

அக்காள் மகன் என்னிடம் போட்ட கணக்கு இதுதான். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது முந்தியிருக்கிற கட்சி, நூற்றில் ஏறக்குறையத் தொண்ணூற்றைந்து ஆட்டங்களில் ஜெயிக்கிறது. இதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், குளோசர் என்ற பெயரே இல்லாத பழைய நாட்களிலும் ஏறக்குறைய இதே தொண்ணூற்றைந்துதான். கோடிக்கணக்கான டாலர் கொட்டி, பாட்டு வைத்து, விளக்கை அணைத்து ஏற்றி, கடைசியில் அந்தத் தொண்ணூற்றைந்து அசைந்துகொடுக்கவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? மூன்று ரன் லாபத்தோடு, பேஸில் ஒருவரும் இல்லாமல், மூன்று பேரை அவுட்டாக்குவது கட்சியிலுள்ள சுமாரான பிட்சருக்கும் பெரும்பாலும் முடிகிற காரியம் என்றுதானே அர்த்தம்? ஏழாவது இன்னிங்ஸில் ஒரே ரன் லாபம், மூன்று பேஸும் நிரம்பியிருக்கிறது, எதிரியின் மிகப் பெரிய மட்டைக்காரன் வருகிறான் – அந்த இடத்தில்தான் ஆட்டம் நிற்கிறது. அந்த இடத்துக்கு இரண்டாந்தர ஆளை அனுப்பிவிட்டு, முதல்தர ஆளைக் கடைசிப் பக்கத்துக்கென்று உட்கார்த்தி வைக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய தொடர்கதை ஞாபகம் வந்தது. அது முடிந்ததும் பத்துப் பதினைந்து கடிதங்கள் வந்தன; எல்லாம் முடிவைக் கெடுத்துவிட்டேன் என்று. நானும் வெகு நாள் அந்தக் கடைசி அத்தியாயத்தைத்தான் நொந்துகொண்டேன். புஸ்தகமாகப் போடுவதற்காகத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது: கெட்டது பன்னிரண்டாம் அத்தியாயத்தில். அங்கே கதாநாயகியை நான் கை நழுவ விட்டிருந்தேன். அதற்கப்புறம் எப்படி முடித்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். வாசகர்கள் கண்டது கடைசிப் பக்கம். கோபித்துக்கொண்டதும் கடைசிப் பக்கத்தோடு.

கடைசிப் பக்கத்துக்கென்று ஆளைப் பூட்டி வைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி டொரான்டோவில் நடந்ததைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பால்டிமோர் கட்சியின் குளோசர் ஜாக் பிரிட்டன். அந்த வருஷம் நாற்பத்தேழு தடவை லாபத்தை அவர் கையில் கொடுத்தார்கள். நாற்பத்தேழு தடவையும் காப்பாற்றிக் கொடுத்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 0.54. அதாவது இரண்டு முழு ஆட்டம் எறிந்தால் ஒரு ரன். தோற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம் அது. இரண்டுக்கு இரண்டு என்று சமனாகி, ஒன்பது தாண்டி, பத்துத் தாண்டி, பதினொன்றாவது இன்னிங்ஸ். டொரான்டோ மட்டை பிடிக்கிறது. ஒரு ரன் எடுத்தால் முடிந்தது. பிரிட்டனைக் காணோம். மானேஜர் பக் ஷோவால்டர் ஒவ்வொருவராக வேறு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். தன் கட்சி முந்தட்டும், முந்தின பிறகு காப்பாற்றுவதற்குப் பிரிட்டன் வேண்டுமே என்று அவரைப் பொத்தி வைத்திருந்தார். வெளியூர் மைதானத்தில் சமனாக இருக்கிற ஆட்டத்தில் சேவ் கிடையாது அல்லவா? உபால்டோ ஹிமெனஸ் எறிந்தார். எட்வின் என்கார்னாசியோன் முதல் பந்தையே கூட்டத்துக்குள் அனுப்பினார். மூன்று ரன். ஐந்துக்கு இரண்டு. கட்சியின் அருமையான சொத்து ஒரு பந்துகூட எறியாமல் வீட்டுக்குப் போயிற்று. கல்யாணத்துக்கென்று பட்டுப்புடவையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, கல்யாணத்துக்கே பழம்புடவையில் போய் வந்தவள் கதைதான்.

ஷோவால்டர் புத்தி குறைந்தவர் அல்ல, அனுபவசாலி. அவரை அப்படிச் செய்ய வைத்தது பழக்கம். அந்தப் பழக்கத்தைச் செய்தது ஒரு எண். அதே மாதத்தில் கிளீவ்லண்ட் மானேஜர் டெர்ரி ஃப்ராங்கோனா தம்மிடமிருந்த ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸ், ஆறாவது இன்னிங்ஸ் என்று எங்கே தீப்பிடித்ததோ அங்கே அனுப்பி லீக் பட்டத்தையே ஜெயித்துவிட்டார். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் மில்லருக்கு. காசேஜ் காலத்து வித்தைதான் அது. என்னவோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டாற்போல் பத்திரிகைகள் பேசிக்கொண்டன.

இவ்வளவும் அக்காள் மகன் கட்சி. இனி என் பாதி.

டென்னிஸ் எக்கர்ஸ்லி என்று ஒருவர். முதலில் ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்சராக இருந்தவர். 1987-ல் ஓக்லண்டுக்கு வந்ததும் மானேஜர் டோனி லாரூஸா அவரைக் கடைசி ஆளாக்கினார். இன்றைய ஒரு இன்னிங்ஸ் குளோசரின் அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது. 1990-ல் அவர் 73 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, இனாமாக முதல் பேஸுக்கு அனுப்பியது நாலே பேரை. ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது 1988 அக்டோபர் 15-ந் தேதியை. உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஓக்லண்டு நாலுக்கு மூன்று முந்தியிருக்கிறது. இரண்டு பேர் அவுட். எக்கர்ஸ்லி வழக்கத்துக்கு விரோதமாக ஒருவரை இனாமாகப் பேஸுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு காலும் கெட்டு, நொண்டிக்கொண்டு வந்தார் கர்க் கிப்சன். அந்தத் தொடர் முழுவதிலும் அவர் மட்டை பிடித்தது அந்த ஒரே தடவைதான். நெருக்கடி முற்றினால் எக்கர்ஸ்லி இடதுகைக்காரனுக்கு வெளியிலிருந்து உள்ளே வளைந்து வரும் ஒரு பந்தை எறிவார் என்று வேவு பார்க்கிறவர் ஒருவர் முன்னமே கிப்சன் காதில் போட்டிருந்தார். அந்தப் பந்து வந்தது. ஒரு கையால் தள்ளினமாதிரி இருந்தது. பந்து கூட்டத்தில் போய் விழுந்தது. ஐந்துக்கு நாலு. அன்றிரவு எக்கர்ஸ்லி ஓடி ஒளியவில்லை. உடைமாற்றும் அறையில் நின்றுகொண்டு, வந்த நிருபர்களுக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார். அந்தப் பதில்களுக்காகவே அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம் என்பேன். நாலு வருஷம் கழித்து, 1992-ல், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பட்டமே அவருக்குக் கிடைத்தது.

டானி மூருக்கு அப்படிக் கிடைக்கவில்லை. 1986-ல் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் கட்சிக்கு உலகத் தொடருக்குப் போக இன்னும் ஒரே ஒரு பந்து பாக்கி. அதுவரை அந்தக் கட்சி உலகத் தொடரைக் கண்டதே இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆரம்பத்தில் ஐந்துக்கு இரண்டு முந்தியிருந்தார்கள். ஆரம்பத்திலிருந்து எறிந்து வந்தவர் இரண்டு ரன் ஹோம் ரன் ஒன்று கொடுத்தார். அடுத்து வந்தவர் தன் முதல் பந்தால் மட்டைக்காரனை அடித்து அவனைப் பேஸுக்கு அனுப்பினார். அதற்கப்புறம்தான் மூர் வந்தார். டேவ் ஹெண்டர்சன் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. ஐந்துக்கு ஆறு. அதோடு ஆட்டம் முடியவும் இல்லை. அதே இன்னிங்ஸில் ஏஞ்சல்ஸ் ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தார்கள். பதினொன்றாவதில்தான் தோற்றார்கள். பிறகு பாஸ்டனில் இன்னும் இரண்டு ஆட்டம் தோற்றார்கள். இத்தனை பேர், இத்தனை இன்னிங்ஸ். ஆனால் ஜனங்கள் வைத்துக்கொண்டது ஒரே பந்தை, ஒரே மனிதனை. அவர் மைதானத்துக்கு வரும்போதெல்லாம் கூச்சல் போட்டார்கள். உடம்பு உபாதைகள் சேர்ந்தன. 1989-ல் வேலை போயிற்று. அந்த வருஷம் ஜூலையில் வீட்டில் ஒரு சண்டையில் மனைவியைச் சுட்டார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். மூர் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த ஒரு பந்துதான் அவரைக் கொன்றது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு மனிதனின் வாழ்க்கையில் எத்தனையோ பன்னிரண்டாம் அத்தியாயங்கள். ஆனால், மூன்று ஆட்டத்துத் தோல்வியை ஒரு ஆளின் தலையில் கட்டிய கணக்கு இருக்கிறதே, அதுவும் இந்தச் சேவ் கணக்கின் மறுபக்கம்தான். சேவ் என்று ஒன்று இருந்தால், சேவைத் தொலைத்தான் என்றும் ஒரு பத்தி இருக்கத்தானே செய்யும்?

இதுதான் நான் முழுக்க அக்காள் மகன் கட்சிக்குப் போகாத காரணம். குளோசர் செய்கிற வேலை கொஞ்சம், ஒப்புக்கொள்கிறேன். சுமக்கிற பழி கொஞ்சமல்ல. எந்த அறையில் தீப்பிடித்தாலும், கடைசியாகக் கதவைச் சாத்தினவனைத்தான் ஊர் கேட்கும். அந்தப் பழியை வருஷத்தில் அறுபது நாள் ஏற்றுக்கொண்டு, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்கிற மனசு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2003-ல் பாஸ்டன் கட்சி எண்களில் நம்பிக்கை வைத்து, தனியாகக் குளோசர் என்று ஒருவர் வேண்டாம், யாரும் எப்போதும் வரலாம் என்று திட்டம் போட்டார்கள். முதல் நாள் ஆட்டத்திலேயே ஒன்பதாவதில் நாலுக்கு ஒன்று என்ற லாபத்தைத் தொலைத்தார்கள். திட்டம் தப்பு என்பதைவிட, கையிலிருந்த ஆட்கள் போதாது என்பதே உண்மை. ஆனாலும் அடுத்த வருஷத்துக்கு கீத் ஃபோல்க் என்ற குளோசரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். 2004 உலகத் தொடரின் கடைசிப் பந்தை எறிந்தவர் அவர்தான்.

அப்படியானால் என்ன விலை கொடுக்கலாம்? 2022-ல் நியூயார்க் மெட்ஸ் எட்வின் டியாஸுக்கு ஐந்து வருஷத்துக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் எழுதிக்கொடுத்தார்கள். அந்த வருஷம் அவர் எறிந்தது 62 இன்னிங்ஸ். கட்சி முழுதும் எறிந்தது ஆயிரத்து நானூறுக்கு மேல். மூன்று ரன் லாபத்தைக் காப்பாற்ற இந்தப் பணம் என்றால் வீண் செலவு. எங்கே தீயோ அங்கே அனுப்பினால் தகும். ஆள் அதே ஆள்தான்; விலையைத் தீர்மானிக்கிறது, அவரை எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம் என்பது.

மரியானோ ரிவேராவை வைத்து யாராவது என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும். 652 சேவ், 2019-ல் புகழ் மண்டபத்துக்கு வாக்களித்த 425 பேரும் அவர் பெயரை எழுதினார்கள், ஒருவர்கூட விடவில்லை. அவருக்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. ஒரே மாதிரிப் பந்து. கடைசி நேரத்தில் லேசாக விலகும். அவ்வளவுதான் அவர் கைச்சரக்கு. ஆனால் அவருடைய பெருமை அக்டோபரில் இருக்கிறது. அக்டோபரில் அவர் எறிந்தது 141 இன்னிங்ஸ், சராசரி 0.70. அந்த இன்னிங்ஸ்கள் எப்படிச் சேர்ந்தன என்று பாருங்கள். அந்த மாதத்தில் மானேஜர் ஜோ டோரி ஒன்பதாவதுக்காகக் காத்திருக்கவில்லை. எட்டாவதிலேயே அவரை எழுப்பிவிடுவார். ஆறு பேரை அவுட்டாக்கு என்று அனுப்புவார். ஆக, குளோசர்களின் ராஜா என்று நாம் கும்பிடுகிறவர், முக்கியமான நாட்களில் பழைய ஃபயர்மேன் வேலையைத்தான் பார்த்தார்.

அவரும் தோற்றிருக்கிறார். 2001 நவம்பர் 4-ந் தேதி அரிஸோனாவில் உலகத் தொடரையே ஒன்பதாவதில் இழந்தார். 2004-ல் பாஸ்டன் ஒரு ரன் பின்தங்கி, மூன்று ஆட்டமும் பின்தங்கி, கடைசி மூச்சில் இருந்தபோது, முதல் ஆளுக்கு இனாமாகப் பேஸ் கொடுத்தார். அந்த ஆளுக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார். ஒரு அடியில் ஆட்டம் சமனாயிற்று. அன்றைக்குத் தப்பித்த பாஸ்டன் அப்புறம் தோற்கவே இல்லை. 1918-க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடரை ஜெயித்தது.

அடுத்த ஏப்ரலில் யாங்கீஸ் பாஸ்டனுக்குப் போனார்கள். அதற்கு முந்தின வாரம்தான் ரிவேரா அதே பாஸ்டனிடம் அடுத்தடுத்து இரண்டு சேவைத் தொலைத்திருந்தார். ஆட்டத்துக்கு முன் இரு கட்சி ஆட்டக்காரர்களையும் பெயர் சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். யாங்கீஸ்காரர்களுக்கு வழக்கப்படி கூச்சலும் ஊளையும். ரிவேரா பெயர் வந்ததும் மைதானம் முழுதும் எழுந்து நின்று, சொந்த ஊர்ப் பிள்ளைக்குச் செய்வதுபோல் ஆரவாரம் செய்தது. கேலிதான். ரிவேரா ஒரு கணம் திகைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு ஆட்டினார்.